ஆட்டுக்கொம்பு ஊருக்கு அப்பாயியோட ஒரு நாள்

அந்த ரீலை நீங்களும் பார்த்திருப்பீங்க. ரோடே இல்லாத கிராமம், வீட்டு வாசல்ல படகு, கூரை வேய்ந்த குட்டிக் குட்டி வீடு, பின்னாடி ஒரு பியானோ மியூசிக். நானும் ரெண்டாவது வருஷத்துல மெஸ் வரிசையில நின்னுகிட்டே அதை சேவ் பண்ணினேன். அதுக்கப்புறம் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கலை. சேவ் பண்றதோட நம்ம கடமை முடிஞ்சிடுது இல்லையா?

ஊர் பேரு கீட்ஹோர்ன். நெதர்லாந்துல ஓவரைசல் மாகாணத்துல இருக்கு. முதல் எழுத்தை டச்சுக்காரங்க தொண்டையில இருந்து காறி எடுக்கிறாங்க, அது நமக்கு வராது, விட்டுடுங்க. போன ஜூன்ல நான் அங்க போயிட்டு வந்தேன். கேர்ள்ஃபிரெண்டோட போகலை (இந்த வரியில என் ரூம்மேட் சிரிப்பான்). 73 வயசு அப்பாயியோட போனேன்.

எப்படின்னா, என் அக்கா ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல ஆம்ஸ்டல்வேன்ல இருக்கா. அவளுக்குக் குழந்தை பிறந்தது. பத்தியச் சாப்பாடு போட அம்மா போனாங்க. கொள்ளுப்பேத்தியைப் பார்க்காம கண்ணை மூட மாட்டேன்னு அப்பாயியும் பாஸ்போர்ட் எடுத்துட்டாங்க. செமஸ்டர் லீவ்னு நானும் ஒட்டிக்கிட்டேன். ரெண்டு ரூம் ஃபிளாட்ல ஆறு பேர், அதுல ஒண்ணு ராத்திரி பூரா அழுதுகிட்டே இருக்கும். ஒரு வாரம் பொறுத்த மாமா, "நீயும் அப்பாயியும் ஒரு நாள் வெளிய போயிட்டு வாங்களேன்"னு ரெண்டு டிக்கெட்டை நீட்டினாரு. கைடோட போற பஸ் டூர், காலையில கிளம்பி சாயங்காலம் திரும்பணும். அன்பாத்தான் கொடுத்தாரு, ஆனா எங்களை வீட்டை விட்டுக் கிளப்புற அவசரமும் தெரிஞ்சது.

உண்மையைச் சொல்லணும்னா எனக்குக் கடுப்பு. நான் சிவில். நெதர்லாந்து வரைக்கும் வந்துட்டு நான் பார்க்க நினைச்சது மாஸ்லான்ட்கெரிங். ராட்டர்டாம் துறைமுகத்துக்குக் கடல் பொங்கி வந்தா தானா மூடிக்கிற கதவு, 1997-ல கட்டினது. ஒவ்வொரு கதவும் 210 மீட்டர் நீளம். அதை விட்டுட்டு, குடை பிடிச்சுகிட்டு முன்னாடி நடக்கிற ஒரு கைடு பின்னாடி, குரங்கு குல்லா போட்ட அப்பாயியைக் கூட்டிகிட்டு, ரீல் ஊருக்குப் போகணுமா? ஜூன் மாசத்துல குரங்கு குல்லா. "காத்து காதுக்குள்ள போவுது தம்பி."

டிராம் ஏறி, மெட்ரோ மாறி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல பஸ்ஸைப் பிடிச்சோம். கைடு அறுபது வயசு இருக்கிற ஒரு டச்சு அம்மா. இங்கிலீஷ் தெளிவா, மெதுவா பேசினாங்க. பஸ் கிளம்பி மைக்கை எடுத்ததும் அப்பாயி என் முழங்கையை இடிச்சு, "என்னங்குறாங்க?"ன்னாங்க.

அன்னைக்கு ஆரம்பிச்சது என் வைவா.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் பத்தாவது வரைக்கும் செகண்ட் லாங்குவேஜ். பதினொண்ணாவதுல மார்க்குக்காக ஃபிரெஞ்சுக்கு ஓடிட்டேன், அதுவும் இப்ப ஞாபகம் இல்லை. இந்த இதழுக்கு எழுதறதே என் எடிட்டர் நண்பன் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுக்கிறதாலதான். வீட்ல அப்பாயியோட நான் பேசற தமிழ் என்னன்னு யோசிச்சுப் பார்த்தா: "சாப்டேன்", "வேணாம்", "லேட்டாகும்", "சார்ஜர் பார்த்தீங்களா". நாலும் சேர்ந்தாக்கூட ஒரு பேராவுக்குத் தேறாது.

முதல் இருபது நிமிஷம் சமாளிச்சேன். கைடு பத்து வாக்கியம் சொன்னா நான் ஒண்ணு சொல்வேன். "பழைய பாலமாம்." "பெரிய ஏரியாம்." அப்பாயி தலையாட்டிக்கிட்டே இருந்தவங்க, திடீர்னு, "அந்தம்மா இவ்வளவு நேரம் பேசுறா, நீ பாதிய முழுங்குற"ன்னாங்க.

மாட்டிக்கிட்டேன்.

அப்ப பஸ் ஃப்ளெவோலாண்ட்ல போயிட்டிருந்தது. ரெண்டு பக்கமும் தட்டையான வயல், ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி கால்வாய், நிறைய காத்தாலை. இந்த இடத்துல நான் நிஜமாவே உற்சாகமாயிட்டேன், ஏன்னா இது என் சப்ஜெக்ட். இந்த மொத்த நிலமும் ஒரு காலத்துல கடலடி. ஸோய்டர்ஸேன்னு ஒரு உள்கடல் இருந்தது. கார்னெலிஸ் லேலின்னு ஒரு எஞ்சினியர் 1891-லயே அதை அடைக்கத் திட்டம் போட்டாரு. 1916-ல பெரிய வெள்ளம் வந்த பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைச்சது. 1918-ல சட்டம் போட்டாங்க. 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அணை, 1932-ல முடிஞ்சது. லேலி 1929-லயே இறந்துட்டாரு, முடிஞ்ச அணையைப் பார்க்கலை. அவர் பேர்லதான் லேலிஸ்டாட்னு ஒரு ஊரே இருக்கு. அணைக்கு உள்ள வட்டமா கரை கட்டி, தண்ணியை இறைச்சு இறைச்சு நிலத்தை வெளிய எடுத்தாங்க. நாங்க போயிட்டிருந்த ரோட்டுக்கு மேல ஒரு காலத்துல மீன் நீந்தியிருக்கு.

இதைப் பாதி தமிழ், பாதி கையசைவுல சொல்லி முடிச்சேன். ஆச்சரியப்படுவாங்கன்னு பார்த்தா அப்பாயி, "உப்பு மண்ணாச்சே, எப்படி வெளையும்?"னாங்க.

நாலு வருஷம் சிவில் படிச்சும் எனக்கு அந்தக் கேள்வி தோணினதே இல்லை. அப்பாயி வேதாரண்யம் பக்கம் பிறந்து வளர்ந்தவங்க. உப்பளம் பார்த்த ஆளு. மண்ணு உப்பா இல்லையாங்கிறதுதான் அவங்களுக்கு முதல் கேள்வி. கைடுகிட்ட கேட்டேன். அணை கட்டினதும் உள்ள கடல் தண்ணி வர்றது நின்னு, ஆத்துத் தண்ணி சேர்ந்து சேர்ந்து சில வருஷத்துல அது நல்ல தண்ணி ஏரி ஆயிடுச்சாம். அப்புறம் வெளிய வந்த சேத்து மேல விமானத்துல இருந்து விதை தூவினாங்களாம். அந்தச் செடி வளர்ந்து சேத்தை உறிஞ்சிக் காய வெச்ச பிறகுதான் விவசாயம். என்ன செடின்னு அப்பாயிக்குச் சொல்லத் தெரியலை. "தண்ணியில வளர்ற ஒரு மாதிரி உயரமான புல்லு, மேல பூ மாதிரி..."

"நாணல்னு சொல்லேன்டா."

நாணல். பாட்டுல கேட்டிருக்கேன். அதுதான் இதுன்னு தெரியாது.

அடுத்து கைடு கீட்ஹோர்னுக்கு எப்படிப் பேர் வந்ததுன்னு சொன்னாங்க. 13-ஆம் நூற்றாண்டுல வெளியூர்ல இருந்து பிழைக்க வந்த சிலர் இந்தச் சதுப்புல குடியேறினாங்களாம். மண்ணைத் தோண்டினப்போ நிறைய ஆட்டுக்கொம்பு கிடைச்சதாம். 1170-ல ஒரு பெரிய வெள்ளம் வந்தது, அதுல செத்துப்போன ஆடுங்களோட கொம்புன்னு சொல்வாங்க. அதனால ஊருக்கே ஆட்டுக்கொம்புன்னு பேர். அது வாய்வழியா மருவி கீட்ஹோர்ன். இதை என்னால முழுசா தமிழ்ல சொல்ல முடிஞ்சது. ஆடு, கொம்பு, வெள்ளம் மூணும் எனக்குத் தெரிஞ்ச வார்த்தை.

அப்பாயி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துகிட்டு இருந்தாங்க. அப்புறம், "ஆட்டை யாரும் அவுத்து விடலையா?"ன்னாங்க.

"என்னது?"

"வெள்ளம் வருதுன்னா ஆட்டை அவுத்து விடணும்ல. கட்டிப் போட்டிருந்தாங்களான்னு அந்தம்மாவைக் கேளு."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 850 வருஷத்துக்கு முன்னாடி செத்த ஆட்டுக்குக் கயிறு கட்டியிருந்ததான்னு மைக்ல கேட்கவா? "அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது அப்பாயி"ன்னு சொல்லிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டேன். அவங்க திரும்பக் கேட்கலை.

ஊருக்கு வந்துட்டோம். ரீலுக்கும் நேருக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க கேட்பீங்க. சத்தியமா அழகுதான், அதுல பொய் இல்லை. ஒவ்வொரு வீடும் ஒரு குட்டித் தீவு, சுத்தி வாய்க்கால், வீட்டுக்குப் போக வளைஞ்ச மரப்பாலம். 170-க்கும் மேல பாலம் இருக்காம். படகு அடியில போகணும்னுதான் பாலமெல்லாம் ஒட்டகம் முதுகு மாதிரி தூக்கி இருக்கு. ரோடே இல்லைங்கிறது மட்டும் பாதி உண்மை. பழைய ஊருக்குள்ளதான் கார் போகாது. ஊரை ஒட்டி ரோடு இருக்கு, பெரிய பார்க்கிங் இருக்கு, அதுல எங்க பஸ்ஸை மாதிரி வரிசையா பஸ் நின்னுது. மெனு கார்டு சீன மொழியிலயும் இருந்தது. குடியிருக்கிறவங்க 3,000 பேர்கூட இல்லாத ஊரு. நாங்க போன அன்னைக்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அதைவிட ஜாஸ்தி இருக்கும்னுதான் எனக்குத் தோணிச்சு. 1958-ல பெர்ட் ஹான்ஸ்ட்ரா எடுத்த 'ஃபான்ஃபாரே'ங்கிற காமெடிப் படத்தை இங்கதான் ஷூட் பண்ணினாங்களாம், அப்போ பிடிச்ச கூட்டமாம் இது. ரீல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஊரு வைரல்.

வாடகைக்குப் படகு எடுத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுகிட்டு இருந்தாங்க. பேட்டரி படகு. சத்தம் வராதுங்கிறதால அதுக்கு 'கிசுகிசுப் படகு'ன்னு பேரு. படகுதான் கிசுகிசுக்குது, ஓட்டறவங்க கத்துறாங்க. ஓட்ட லைசென்ஸ் வேணாம், அது இடிக்கிறதைப் பார்த்தாலே தெரியும்.

பாதையோரம் நடக்கும்போது ஒரு வீட்டோட பெரிய ஜன்னல் திறந்திருந்தது. உள்ள சமையலறை, செப்புப் பாத்திரம், நீல டைல்ஸ், மேசை மேல பாதி நறுக்கின வெங்காயம். ஃப்ரேம் அப்படி அமைஞ்சுது. போனை எடுத்து ரெண்டு கிளிக் பண்ணினேன். மூணாவதுல ஃப்ரேமுக்குள்ள ஒரு அம்மா வந்தாங்க, கையில கத்தி. என்னைப் பார்த்தாங்க. திட்டலை, முறைக்கலைகூட. முகத்துல ஒரு அலுப்பு. ஜன்னல் கதவைச் சாத்திட்டாங்க.

"அடுத்தவங்க அடுப்படியை எதுக்குடா போட்டோ பிடிக்கிற?"ன்னு அப்பாயி கேட்டாங்க. பதில் இல்லை. மூணையும் டெலீட் பண்ணிட்டேன். நாலடி தள்ளிப் போனா புல்வெளியில ஒரு சின்னப் பலகை, 'பிரைவேட்'னு. அதுக்கு முன்னாடியே நின்னு ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துகிட்டிருந்தது. எனக்கு அவங்களைத் திட்டவும் யோக்கியதை இல்லை.

அப்புறம் படகுப் பயணம். கண்ணாடி போட்ட பெரிய படகு, ஒரு மணி நேரம். வாய்க்கால் வழியா ஊர்ந்து போய் போவன்வைடங்கிற ஏரிக்குள்ள போகும். ஏரி பார்க்கத்தான் பெருசு, ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். "விழுந்தா பயப்படாதீங்க, எழுந்து நில்லுங்க"ன்னு கைடு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. நான் மொழிபெயர்த்ததும் அப்பாயியும் சிரிச்சாங்க, ரெண்டு நிமிஷம் லேட்டா, தனியா.

இங்கதான் கைடு முக்கியமான விஷயத்தைச் சொன்னாங்க. இந்த வாய்க்காலும் ஏரியும் இயற்கை இல்லை. யாரும் அழகுக்காக வெட்டினதும் இல்லை. எல்லாம் பீட் தோண்டின குழி.

பீட். எனக்கு அது சாயில் மெக்கானிக்ஸ்ல ஒரு வரி. மண் வகைப் பட்டியல்ல கடைசியில Ptன்னு ஒரு கட்டம், இது மேல கட்டடம் கட்டாதேன்னு ஒரு எச்சரிக்கை, ரெண்டு மார்க். அதுக்குத் தமிழ்ல என்ன? நான் ஆரம்பிச்சேன். "செடி கொடியெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்து, முழுசா மக்காம, ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே சேர்ந்து, கருப்பா சகதி மாதிரி ஆயிடும் அப்பாயி. அதைத் தண்ணிக்கு அடியில இருந்து அள்ளி, பக்கத்துல நீளமா ஒரு வரப்பு மாதிரி விட்டிருக்கிற நிலத்துல பரப்பி, கால்ல பலகையைக் கட்டிகிட்டு மிதிச்சு, தண்ணி வடிஞ்சதும் துண்டு துண்டா வெட்டி, அடுக்கிக் காய வெச்சு..."

"எரிப்பாங்க. வறட்டி மாதிரி."

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. நான் மூச்சு வாங்கச் சொன்ன அத்தனையும் அதுக்குள்ள இருந்தது. அடுத்த வருஷம் இந்தப் பாடத்தை எடுக்கப்போற ஜூனியர்ஸ், எழுதிக்கோங்க: பீட்னா மண்ணு கொடுக்கிற வறட்டி.

அப்பாயி இப்ப நேரா உட்கார்ந்துட்டாங்க. குல்லாவைக் கழட்டிட்டாங்க. கேள்வி மேல கேள்வி. நான் இங்கிட்டும் அங்கிட்டும் பந்து பொறுக்கிப் போடுற பையன் மாதிரி ஆயிட்டேன். சாமான் எல்லாம் எதுல போகும்? படகுலதான். பண்டர்னு ஒரு தட்டைப் படகு, நீளமான கழியை ஊன்றித் தள்ளுவாங்க. வைக்கோல், பால், கல்யாணப் பொண்ணு, சவப்பெட்டி எல்லாம் அதுலதான். மாடு? மாட்டையும் படகுல ஏத்தி மேய்ச்சலுக்குக் கொண்டுபோவாங்க. "மாடு படகுல நிக்குமா?" நிக்குமாம். அப்பாயி அதை நம்பலை.

கூரையைக் காட்டிக் கேட்டாங்க. கைடு சொன்னாங்க: அதுவும் இதே நாணல்தான், குளிர்காலத்துல அறுத்துக் காய வெச்சு வேய்வாங்க, முப்பது வருஷம் தாண்டியும் நிக்கும். அப்பாயிக்கு அதுல ஒரு பொறாமை. "நம்ம கீத்து ரெண்டு மழைக்குத் தாங்காது." அப்புறம் கூரை உச்சியில வரிசையா பதிச்சிருக்கிற ஓட்டைக் காட்டி, "மோட்டுவளைக்கு மட்டும் ஓடு போட்டிருக்கான் பாரு, கெட்டிக்காரன்"னாங்க. மோட்டுவளைன்னா என்னன்னு நான் கேட்கலை. விரல் காட்டின இடத்துல இருந்து புரிஞ்சுகிட்டேன்.

கைடு தொடர்ந்தாங்க. பீட் நல்ல விலைக்குப் போனதால தோண்டறவங்க பேராசைப்பட்டாங்க. குழியை அகலமாக்கினாங்க, காய வைக்கிற வரப்பை ஒடுக்கினாங்க. புயல் அடிச்சப்போ அந்த ஒல்லி வரப்பு அலைக்குத் தாங்கலை, கரைஞ்சுபோச்சு. குழியும் குழியும் சேர்ந்து ஏரி ஆயிடுச்சு. பக்கத்துல பியூலாக்கேன்னு ஒரு ஊரு இருந்தது. 1776-ல புயல் வெள்ளத்துல மொத்தமா போச்சு. சர்ச் கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் தண்ணி நடுவுல நின்னுதாம். இப்ப அந்த இடத்துக்கு பியூலாக்கர்வைடன்னு பேரு, ஜனங்க பாய்மரப் படகு விடுறாங்க.

இந்த ஊர் நின்னுது, அந்த ஊர் போச்சு. ரெண்டும் ஒரே மாதிரி தோண்டின மண்ணுதான். இதை கைடு அழுத்திச் சொல்லலை, அடுத்து ஐஸ்கிரீம் கடை எங்க இருக்குன்னு போயிட்டாங்க. ஆனா எனக்கு அந்த ஒல்லி வரப்பு மனசுல நின்னுடுச்சு. எத்தனை அடி அகலம் விட்டிருந்தா தாங்கியிருக்கும்னு படகுலயே கணக்குப் போட ஆரம்பிச்சேன். அதனால அப்பாயி அமைதியாயிட்டதைக் கவனிக்கலை.

கரை இறங்கினதும் ரெண்டு மணி நேரம் ஃப்ரீ டைம். பான்கேக் கடையில விலையைப் பார்த்த அப்பாயி, பையைத் திறந்து அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை எடுத்துட்டாங்க. வாய்க்கால் ஓரமா ஒரு பெஞ்ச். ரெண்டு வாத்து வந்து நின்னுது. ஒரு தாத்தா கழி ஊன்றிப் படகு தள்ளிகிட்டுப் போனாரு. கழியைக் குத்தி, நடந்து, இழுத்து, திரும்பக் குத்தி. தண்ணியில ஒரு சலனம் இல்லை. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, நானும் போனை எடுக்கலை.

"எங்க ஊருலயும் தண்ணி வந்துச்சு"ன்னாங்க அப்பாயி.

எனக்கு கஜா தெரியும், 2018. அப்போ டிவியில பார்த்தது, அப்பா லீவ் போட்டு ஊருக்குப் போனது எல்லாம் ஞாபகம் இருக்கு. "கஜா தானே?"ன்னேன்.

"அது காத்து. நான் சொல்றது எழுவத்தேழு."

1977, நவம்பர் 12, விடியக்காலம், நாகப்பட்டினம் புயல். தேதியெல்லாம் நான் அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிஞ்சுகிட்டது. அப்பாயிக்குத் தேதி ஞாபகம் இல்லை, தீபாவளி முறுக்கு இன்னும் டின்ல இருந்ததுதான் ஞாபகம். அவங்களுக்கு 25 வயசு. அப்பாவுக்கு மூணு. எங்க அப்பாவுக்கு மூணு வயசு இருந்திருக்கும்னு நான் யோசிச்சதே கிடையாது. தாத்தா வேலை விஷயமா திருச்சி போயிருந்தாரு. ராத்திரி காத்து ஆரம்பிச்சுது. கூரை ஒரு பக்கம் தூக்கிச்சு. வாசல்ல தண்ணி வந்துச்சு, அப்புறம் முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அப்பாவை இடுப்புல சேலையால கட்டிகிட்டு, பெரியத்தையைக் கையில பிடிச்சுகிட்டு மெத்தை வீட்டுக்கு ஓடினாங்களாம்.

"மெத்தை வீடா?" எனக்கு நிஜமாவே பஞ்சு மெத்தைதான் மனசுல வந்தது.

"மாடி வீடுடா. ஊருக்கே ஒரே மெத்தை வீடு."

அங்க நாப்பது ஐம்பது பேர் விடியற வரைக்கும் நின்னிருக்காங்க. உட்கார இடம் இல்லை. எல்லாம் சொல்லிட்டு, புளியோதரை டப்பாவை மூடிகிட்டே, ரொம்ப சாதாரணமா, "செவலையை அவுத்து விடாம வந்துட்டேன்"னாங்க.

செவலை பசுமாடு. ரெண்டாவது ஈத்து. கொட்டகையில கட்டியிருந்தது. அவசரத்துல ஞாபகம் வரலை. மெத்தை வீட்டுக்கு வந்து நின்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்கு. திரும்பப் போகப் பார்த்தாங்களாம், யாரோ கையைப் பிடிச்சு இழுத்து உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்களாம். "காத்து அந்தச் சத்தம் போடுது, ஆனா மாடு கத்துறது எனக்குக் கேட்டுச்சு. கேட்டிருக்காதுன்னு உங்க தாத்தா சொல்வாரு. எனக்குக் கேட்டுச்சு."

என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. இங்கிலீஷ்ல இருந்தா "ஐ ஆம் ஸாரி"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். தமிழ்ல அதுக்கு ஒண்ணும் கிடைக்கலை. 21 வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். ஹால்ல நான் ஹெட்ஃபோன் மாட்டிகிட்டு உட்கார்ந்திருப்பேன், அவங்க சீரியல் பார்த்துகிட்டு இருப்பாங்க. மாமா ரெண்டு டிக்கெட் கொடுத்துத் துரத்தி விடலைன்னா எனக்கு செவலையைத் தெரிஞ்சே இருக்காது. பஸ்ல அவங்க கேட்ட கேள்வியும், நான் சிரிச்சதும் அப்பத்தான் வந்து அடிச்சுது.

எழுந்தேன். "வாங்க அப்பாயி, அந்தம்மாகிட்ட கேட்போம்."

"என்னத்தை?"

"ஆட்டை."

கைடு ஒரு பாலத்துப் பக்கம் தனியா காபி குடிச்சுகிட்டு நின்னாங்க. நான் போய், என் பாட்டிக்கு ஒரு கேள்வி இருக்கு, அந்த ஆடெல்லாம் கட்டிப் போட்டிருந்ததான்னு கேட்டேன். அவங்க சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கலை. காபியைக் கைப்பிடி மேல வெச்சுட்டு அப்பாயியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாங்க, என்னைப் பார்த்து இல்லை. அது காட்டு ஆடுன்னுதான் கதையில வருது. ஆள் வந்து குடியேறுறதுக்கு முன்னாடி நடந்த வெள்ளம். அதனால யாரும் வளர்த்தது இல்லை, யாரும் கட்டியிருக்கவும் மாட்டாங்க.

இதை ஒரு வார்த்தைகூட முழுங்காம தமிழ்ல சொன்னேன். காட்டு ஆடு அப்பாயி. யாரும் கட்டலை.

அப்பாயி கொஞ்சம் நேரம் தண்ணியைப் பார்த்தாங்க. "கட்டாத ஆடே தப்பிக்கலையா"ன்னாங்க.

கைடு என்னைப் பார்த்தாங்க, என்ன சொன்னாங்கன்னு. நான் மொழிபெயர்க்கலை. தெரியாம இல்லை, தெரிஞ்சேதான்.

திரும்பப் பஸ்ஸுக்குப் போற வழியில ஒரு சாவனீர் கடை. மரச்செருப்பு, காந்தம், பீங்கான் வீடு. வாசல்ல சுத்துற ஸ்டாண்டுல போஸ்ட்கார்டு. அப்பாயி அதை ஒவ்வொண்ணா சுத்திகிட்டே இருந்தாங்க, பஸ்ஸுக்கு அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. கருப்பு வெள்ளையில பழைய போட்டோ ஒண்ணுல நின்னாங்க. ஒரு தட்டைப் படகு, பின்னாடி கழியோட ஒருத்தர், நடுவுல ஒரு மாடு. நிக்குது.

"நிக்குதுடா"ன்னாங்க.

வாங்கினோம். பஸ்ல என் போனைக் கேட்டு வாங்கி அப்பாவுக்கு வீடியோ கால் போடச் சொன்னாங்க. சென்னையில ராத்திரி ஒன்பது மணி ஆகப்போகுது, அப்பா சாப்பிட்டுகிட்டு இருந்தாரு. போஸ்ட்கார்டை ஸ்க்ரீனுக்கு ரொம்பக் கிட்ட வெச்சுக் காட்டினதுல அவருக்கு ஒரே கருப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். "என்னம்மா அது?"ன்னு கேட்டுகிட்டே இருந்தாரு. "மாடுப்பா, படகுல போவுது"ன்னு அப்பாயி சொல்லிகிட்டே இருந்தாங்க. ஃப்ளெவோலாண்ட்ல சிக்னல் விட்டு விட்டு வந்தது.

ஊருக்கு வந்ததும் அம்மா அந்தப் போஸ்ட்கார்டை ஃப்ரிட்ஜ்ல ஒட்ட எடுத்தாங்க. அப்பாயி கொடுக்கலை. பாஸ்போர்ட் கவருக்குள்ள வெச்சிருக்காங்க. போன வாரம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினேன். சார்ஜரைப் பத்திக் கேட்க இல்லை. மெத்தை வீட்டுக்காரங்க பேரு என்னன்னு கேட்டேன். நாப்பது நிமிஷம் பேசினாங்க. பாதி வார்த்தை புரியலை, எழுதி வெச்சிருக்கேன்.